ப்ளஸ் ஒன் கணக்கு: ராத்திரி ட்யூஷனா, ஆன்லைனா? (அரியாங்குப்பம்)

கேள்வி: அரியாங்குப்பம் அம்மா

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் புதுச்சேரி அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கு, இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர். எட்டாவது வரை தமிழ்நாட்டுப் பாடத்திட்டம்தான். 2023-24இல் இங்கே அரசுப் பள்ளிகளை சிபிஎஸ்இக்கு மாற்றினார்களே, அப்போது அவள் ஒன்பதாவது. தட்டுத் தடுமாறிப் பத்தாவதைத் தாண்டிவிட்டாள். இப்போது பள்ளியில் வைத்த தேர்வில் கணக்கில் எண்பதுக்கு இருபத்தெட்டு. மற்ற பாடங்கள் பரவாயில்லை.

கணக்கு வேண்டும் என்று அவளே கேட்டு எடுத்தாள், நாங்கள் யாரும் தள்ளவில்லை. அதனால் "குரூப்பை மாற்றுங்கள்" என்கிற யோசனை மட்டும் வேண்டாம்.

எங்கள் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நெல்லித்தோப்புப் பக்கம் ஒரு ட்யூஷன் சென்டர். நல்ல பெயர். ஆனால் வகுப்பு ஆறு மணிக்கு மேல்தான். மரப்பாலம் சிக்னலில் மாலை நேரத்தில் மாட்டிக்கொள்வது எப்படி இருக்கும் என்று கடலூர் ரோட்டில் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். திரும்பி வீடு சேர ஒன்பதரை ஆகிவிடும். வீட்டுக்காரர் டெம்போ ஓட்டுகிறார், அவர் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது, அதனால் போய்க் கூட்டிவரவும் ஆள் இல்லை.

இன்னொன்று ஆன்லைன். ஒரு கம்பெனியிலிருந்து ஆள் வீட்டுக்கே வந்து டேப்லெட்டில் எல்லாம் ஓட்டிக் காட்டினார். பிள்ளைக்குச் சின்னதாக ஒரு டெஸ்ட் வைத்து, "பேசிக் வீக்காக இருக்கிறது மேடம்" என்றார். அதை டெஸ்ட் இல்லாமல் அவளே சொல்லியிருப்பாள். இரண்டு வருடத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும், மாதத் தவணையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் தள்ளுபடியாம்.

பெண் பிள்ளை ராத்திரியில் அலைய வேண்டாமே என்று வீட்டுக்காரருக்கு ஆன்லைன்தான் பிடித்திருக்கிறது. எனக்கு மனசு ஒப்பவில்லை. கொரோனா சமயத்தில் அவள் ஆறாவது. வாட்ஸ்அப்பில் வீடியோ வரும், பார்த்துவிட்டு நோட்டில் எழுதி போட்டோ அனுப்ப வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணின் நோட்டைப் பார்த்து அப்படியே எழுதி அனுப்புவாள். "குட்" என்று கட்டைவிரலோடு பதில் வரும். அந்த வருடம் போனதுதான், அதற்கப்புறம் கணக்கு அவளுக்குக் கைக்கு வரவேயில்லை.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கடலூர் ஓ.டி.

அக்கா, முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமைத் தள்ளுபடியை விடுங்கள். அடுத்த வாரமும் ஞாயிற்றுக்கிழமை வரும்.

என் பெரிய அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மாதத் தவணை என்றார்கள், சரி கம்பெனிக்குத்தானே கட்டுகிறோம் என்று மாமா கையெழுத்துப் போட்டார். உண்மையில் அது ஒரு ஃபைனான்ஸ் நிறுவனத்தின் கடன். அவர்கள் மொத்தப் பணத்தையும் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள், கடன் மாமா பேரில் நிற்கிறது. பையன் கொஞ்ச நாளில் டேப்லெட்டை மூடிவைத்துவிட்டான். ரத்து செய்யப் போனால் கம்பெனிக்காரன் "ஃபைனான்ஸைக் கேளுங்கள்" என்கிறான், ஃபைனான்ஸ்காரன் "கம்பெனியைக் கேளுங்கள்" என்கிறான். தவணையை நிறுத்தினால் சிபில் ஸ்கோர் போய்விடும். உங்கள் வீட்டில் வண்டி ஓடுகிறது, நாளைக்கு வண்டிக்கு லோன் கேட்கப் போகும்போது அதுதான் முதலில் எதிரே வந்து நிற்கும்.

மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோருக்கு இதைப் பற்றி எச்சரிக்கை விட்டிருக்கிறது. ஆட்டோ டெபிட்டைத் தவிருங்கள், விதிமுறைகளைப் படிக்காமல் சேராதீர்கள் என்று அதில் இருக்கிறது. ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915க்குப் போன் செய்யலாம், தேசிய நுகர்வோர் உதவி எண்.

பாடம் எது நல்லது என்று எனக்குத் தெரியாது. கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள்.

பதில்: மாடி வகுப்பு (மஞ்சக்குப்பம்)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கடலூரில் மொட்டை மாடியில் ஷீட் போட்டுக் கணக்கு ட்யூஷன் நடத்துகிறவள். ஆன்லைன் வேண்டாம் என்று நான் சொன்னால், கத்திரிக்காய்க்காரி வெண்டைக்காயைக் குறை சொன்ன மாதிரி இருக்கும். அதனால் கொஞ்சம் கழித்துக்கொண்டே படியுங்கள்.

நீங்கள் எழுதியதில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த "குட்"தான். அது போனில் நடந்த படிப்பு என்பதால் அப்படி ஆனது என்று நினைக்கிறீர்கள். அறுபது பிள்ளைகளை உட்காரவைத்து மைக் பிடித்து நடத்துகிற ட்யூஷன் சென்டர்கள் கடலூரிலும் இருக்கின்றன, புதுச்சேரியிலும் இருக்கின்றன. அங்கேயும் இதே "குட்"தான். சில இடங்களில் அதுகூட வராது.

ஒரு கணக்கு சொல்கிறேன், பொறுமையாகப் பாருங்கள். பதினொன்றாம் வகுப்பு என்சிஇஆர்டி புத்தகத்தில் (சிபிஎஸ்இ பிள்ளைகள் படிப்பது) லீனியர் இனீக்வாலிட்டிஸ் என்று ஒரு பாடம் வரும், நம் தமிழ்நாட்டுப் புத்தகத்தில் அசமன்பாடு என்போம். −3எக்ஸ் < 12, எக்ஸ் என்ன? விடை எக்ஸ் > −4. மைனஸ் எண்ணால் வகுத்தால் < என்பது > ஆகத் திரும்பிவிடும், அந்தப் பாடத்தில் பிள்ளைகள் கவனிக்க வேண்டியதே அதுதான்.

என்னிடம் வருகிற ஒரு பெண் இந்த மாதிரிக் கணக்கை ஒரு ஆப்பில் போட்டுப் போட்டுத் தப்பாக்கிக்கொண்டிருந்தாள். நாலு விடையில் ஒன்றைத் தொட வேண்டும், அவள் தொடுவது எக்ஸ் < 4. உடனே சிவப்பு. உடனே ஒரு வீடியோ ஓடும், "மைனஸால் வகுத்தால் குறியைத் திருப்ப வேண்டும்" என்று. நல்ல வீடியோ, நானும் பார்த்தேன், என்னைவிட அழகாகச் சொல்கிறார். அவளுக்கு அது மனப்பாடம். "திருப்பணும் மிஸ், தெரியும்" என்கிறாள். அடுத்த கணக்கிலும் சிவப்பு.

ரஃப் நோட்டை எடு என்றேன். தயங்கித் தயங்கிக் காட்டினாள். −3ஐ அந்தப் பக்கம் கொண்டுபோயிருக்கிறாள், போகும் வழியில் அது +3 ஆகிவிட்டது. 12ஐ 3ஆல் வகுத்தால் 4. இப்போது வகுப்பது ப்ளஸ் எண்ணால் என்பதால் குறியைத் திருப்பத் தேவையில்லை என்று சரியாகத்தான் யோசித்திருக்கிறாள்! ஏன் ப்ளஸ் ஆனது என்று கேட்டதற்கு, "அந்தப் பக்கம் போனா மைனஸ் ப்ளஸ்ஸா மாறும்ல மிஸ்" என்றாள். கூட்டல் கழித்தலுக்காகச் சின்ன வகுப்பில் யாரோ சொல்லிக்கொடுத்த குறுக்குவழி. அதைப் பெருக்கலுக்கும் போட்டுக்கொண்டு இத்தனை வருடமும் ஓட்டியிருக்கிறாள். ஆப் அவளுக்குப் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே திரும்பத் திரும்ப நடத்திக்கொண்டிருந்தது, அவள் சறுக்கியதோ எட்டாவதில்.

இதில் ஆப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அது பார்த்தது அவள் தொட்ட விடையை மட்டும்தான். எழுதிய வரி அதற்குத் தெரியாது.

அதனால் எங்கே சேர்த்தாலும் இதைக் கேளுங்கள்: என் பெண் எழுதுகிற நோட்டை யார் பார்ப்பார்கள், எப்போது பார்ப்பார்கள்? ட்யூஷன் சென்டர் என்றால் இப்போது அங்கே படிக்கிற ஒரு பிள்ளையின் நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒரே ஒரு பெரிய டிக், கீழே கையெழுத்து, அவ்வளவுதான் என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். நடுவில் ஏதோ ஒரு வரியில் வட்டம் போட்டு "இது எப்படி?" என்று எழுதியிருந்தால், அங்கே யாரோ உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். ஆன்லைன் லைவ் கிளாஸ் என்றால் ஒரு வகுப்பில் எத்தனை பேர், போட்டோ எடுத்து அனுப்பும் நோட்டை நடத்துகிற ஆசிரியரே பார்ப்பாரா, வேறு யாராவது பார்ப்பார்களா என்று கேளுங்கள். டெமோ காட்ட வருகிறவர் இதற்கு நேராகப் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை.

ஆன்லைனில் நல்லது இல்லையா என்றால், இருக்கிறது. கூம்பை எப்படி வெட்டினால் நீள்வட்டம், எப்படி வெட்டினால் பரவளையம் என்பதை நான் போர்டில் வரைந்தால் உடைந்த புனல் போலத்தான் வரும். இப்போது போனில் ஜியோஜீப்ரா என்கிற கணக்கு ஆப்பைத் திறந்து, விரலால் தளத்தைச் சாய்க்கச் சாய்க்கப் பிள்ளைகளே பார்த்துக்கொள்கிறார்கள். அது இலவசம். ஒரே வீடியோவை எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுத்தி ஓட்டலாம், யாரும் "இன்னுமா புரியலை?" என்று கேட்க மாட்டார்கள். வெட்கப்படுகிற பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

காசு கொடுப்பதற்கு முன் இலவசமாக இருப்பதைப் பார்த்துவிடுங்கள். என்சிஇஆர்டி தளத்தில் புத்தகம் முழுக்கக் கிடைக்கும், எக்ஸம்ப்ளர் என்று தனிக் கணக்குப் புத்தகமும் கிடைக்கும். புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அரசின் இலவசப் பாடத் தளமான திக்‌ஷாவுக்குப் போகும். தமிழ்நாட்டுப் புத்தகத்தை வைத்து நடத்துகிற இடமாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். அதில் இன்டகிரேஷன் பதினொன்றிலேயே வந்துவிடும், உங்கள் மகளுக்கு அது பன்னிரண்டில்தான். இரண்டு கூட்டத்தையும் ஒரே பேட்சில் போட்டு நடத்தினால் உங்கள் பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஒரு கேள்வி. பத்தாவதில் மேத்ஸ் ஸ்டாண்டர்ட் (கடினமான தாள்) எழுதினாளா, பேசிக் (எளிதான தாள்) எழுதினாளா?

பதில்: ஹாஸ்டல் 3ஆம் மாடி

மிஸ் சொன்னது சரிதான், ஆனால் எல்லா ஊரிலும் மொட்டை மாடியில் ஒரு மிஸ் இருப்பதில்லை.

நான் புதுச்சேரியில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். சொந்த ஊர் காட்டுமன்னார்கோயிலுக்கு உள்ளே. எங்கள் பக்கம் ப்ளஸ் டூ கணக்குக்கு ட்யூஷன் என்றால் சிதம்பரம் போக வேண்டும். என் சித்தப்பா பெண் யூடியூபிலேயே படித்துத்தான் பாஸ் பண்ணினாள். அவளிடம் போய் ஆன்லைன் வேண்டாம் என்றால் சிரிப்பாள்.

ஆனால் ஆன்லைனில் தேதி இல்லாமல் படித்தால் யாரும் முடிக்க மாட்டார்கள், நான் கண்ணால் பார்த்தது. கல்லூரியில் என்பிடெல் என்கிற ஆன்லைன் கோர்ஸ் எடுக்கச் சொல்வார்கள். ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் ஆரம்பித்தது. பாடம் இலவசம், தேர்வு எழுதினால்தான் கட்டணம். பன்னிரண்டு வார கோர்ஸ் என்றால் வாரம் ஒரு அசைன்மென்ட், அதில் சிறந்த எட்டு கணக்கில் வரும். அதற்கு 25, கடைசித் தேர்வுக்கு 75. தேர்வை மட்டும் வீட்டிலிருந்து எழுத முடியாது, சென்டருக்கு நேரில் போய் உட்கார வேண்டும். பேர் கொடுக்கிற கூட்டம் வேறு, தேர்வுக்கு வருகிற கூட்டம் வேறு. ரூமில் நாலு பேர் ஒன்றாகச் சேர்ந்து எடுத்த கோர்ஸை முடித்தோம். நான் மட்டும் தனியாக எடுத்தது அப்படியே நிற்கிறது, வாரா வாரம் மெயில் மட்டும் வருகிறது.

நோட்டைப் பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது, ஆன்ட்டி. வீடியோ காலில் முகத்தைக் காட்டாமல், போனைப் புத்தக அடுக்கின் ஓரத்தில் நீட்டிவைத்து, மேலே வெயிட்டுக்கு ஒரு டிக்‌ஷனரியை வைத்தால் கேமரா நேராக நோட்டைப் பார்க்கும். நான் என் தங்கைக்கு ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அவள் பேனா எங்கே நிற்கிறது என்று எனக்கு இங்கிருந்தே தெரியும். பேனா நின்றால் "என்ன?" என்பேன்.

பதில்: உப்பங்கழி

மழைக்காலத்தில் எல்லாம் ஒன்றுதான். 2024இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ட்யூஷனும் இல்லை, நெட்டும் இல்லை, கரண்டும் இல்லை. எங்கள் வீட்டு வாண்டுகள் மட்டும் சந்தோஷமாக இருந்தன.

பதில்: ஓய்வு இல்லாத வாத்தியார்

இத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள், பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிற ஆசிரியரிடம் பேசினீர்களா என்று யாரும் கேட்கவில்லையே? நானும் அரசுப் பள்ளிக்காரன்தான். பாடத்திட்டம் மாறியது பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, எங்களுக்கும்தான். இருக்கிற பீரியடில் புத்தகத்தை முடிப்பதே பெரும்பாடு. ஆனால் ஒரு அம்மா வந்து "இவள் எதில் தடுக்குகிறாள்?" என்று கேட்டால் அந்தப் பிள்ளையின் பேப்பரை எடுத்துப் பார்ப்பேன். கேட்பவர்கள் எல்லோரும் "மார்க் ஏன் குறைந்தது?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு நான் என்ன சொல்ல?

திருத்திய விடைத்தாளைக் கேட்டு வாங்குங்கள். ஆன்லைன்காரர் வைத்த டெஸ்ட்டைவிட அதில் விஷயம் அதிகம்.

மறுபதில்: அரியாங்குப்பம் அம்மா

எல்லோருக்கும் நன்றி. கடலூர் தம்பி சொன்னதைக் கேட்டு அந்த டேப்லெட்காரரிடம் "ஃபைனான்ஸ் யார், பேப்பரைக் காட்டுங்கள்" என்றேன். மேனேஜரோடு பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றவர் தள்ளுபடியை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டு மறுபடி கூப்பிட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வாத்தியார் சார் சொன்னபடி பள்ளிக்குப் போய் விடைத்தாளைப் பார்த்தேன். எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை, நான் பத்தாவதோடு நின்றவள். ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. நிறையக் கணக்கில் முதல் இரண்டு வரி சரியாக இருக்கிறது, மூன்றாவது வரியில் சார் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார். கணக்கே தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அப்படி இல்லை போலிருக்கிறது.

நெல்லித்தோப்பு சென்டருக்கும் போனேன். நோட்டைக் காட்டுங்கள் என்றதும் ரிசப்ஷனில் இருந்த பெண் ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் ஒரு பையன் நோட்டைக் கொடுத்தான். டிக் மட்டும்தான்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பெண் பி.எஸ்சி. கணக்கு கடைசி வருடம் படிக்கிறாள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அஞ்சாறு பேருக்குச் சாயங்காலம் சொல்லிக்கொடுக்கிறாள். இத்தனை நாள் அவளை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை, சின்னப் பெண்தானே என்று. வீடியோவை வீட்டில் பார்த்துவிட்டு, எழுதியதை அவளிடம் கொண்டுபோய்க் காட்டினால் போதுமா? டீச்சர் கேட்டதற்குப் பதில்: பேசிக்தான் எழுதினாள்.

மறுபதில்: மாடி வகுப்பு (மஞ்சக்குப்பம்)

அந்தப் பெண் தாராளமாகப் போதும். அஞ்சாறு பேர் என்றால் ஒவ்வொரு நோட்டையும் பார்க்க அவளுக்கு நேரம் இருக்கும். அவளே படிக்கிறவள் என்பதால் தேர்வு சமயத்தில் வராமல் போகலாம், அதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சம்பளத்தில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.

பேசிக் என்பதை எதிர்பார்த்தேன். பயப்பட ஒன்றும் இல்லை. பேசிக், ஸ்டாண்டர்ட் இரண்டுக்கும் பாடம் ஒன்றேதான், கேள்வித்தாளின் கடினம்தான் வேறு. என்ன ஆகிறது என்றால், பேசிக்குக்குத் தயாராகிற பிள்ளைகள் கஷ்டமான கணக்குகளைத் தொடாமலே வந்துவிடுகிறார்கள். பதினொன்றில் அந்தக் கணக்குகள் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் பாடம் ஆரம்பிக்கும். மூன்றாவது வரியில் சிவப்புக் கோடு விழுவது பெரும்பாலும் இதனால்தான்.

அதனால் கொஞ்ச நாளைக்குப் பதினொன்றாம் வகுப்பு வீடியோவை ஓரம் கட்டுங்கள். சிபிஎஸ்இ தளத்தில் வருடா வருடம் பத்தாம் வகுப்பு மாதிரி வினாத்தாள் போடுகிறார்கள், அதோடு மார்க்கிங் ஸ்கீமும் உண்டு. ஸ்டாண்டர்ட் தாளை எடுங்கள். கேள்வியைத் தனியாக, மார்க்கிங் ஸ்கீமைத் தனியாகப் பிரின்ட் போடச் சொல்லுங்கள். ஸ்கீம் உங்களிடம் இருக்கட்டும், அவளிடம் கொடுக்க வேண்டாம்.

உங்களுக்குக் கணக்கு தெரியாவிட்டால் பரவாயில்லை. அதில் எந்த வரிக்கு அரை மார்க், எந்த வரிக்கு ஒரு மார்க் என்று வரி வரியாகப் போட்டிருப்பார்கள். அவள் எழுதியதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த வரி வரை ஒத்துப்போகிறது என்று மட்டும் பாருங்கள். வேறு வழியில் போட்டும் சரியான விடை வந்திருக்கலாம், அதை விட்டுவிடுங்கள். விடை தப்பாக இருக்கும் கணக்கில் பிரிகிற இடத்தில் ஒரு கோடு போட்டு அந்தப் பெண்ணிடம் கொடுத்து அனுப்புங்கள், மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்.

இன்னொன்று, பேனாவில் எழுதச் சொல்லுங்கள். பென்சில் என்றால் தப்பை அழித்துவிட்டுத்தான் காட்டுவாள்.